மணியனைக் கீழே விடு

எண் 1
ஷாதிபூர், போர்ட் பிளேயர்
18-4-1968

அக்கா,

கடிதத்துக்கு எண் போட்டிருக்கிறேன். பாராடாங்குக்கு வரும் ஃபாரஸ்ட் படகு எந்தத் தபால் பையை முதலில் ஏற்றும், எதை ஜெட்டித் துறையிலேயே விட்டுவிட்டு வரும் என்று சொல்ல முடியாது. முன்னுக்குப் பின்னாக வந்தால் எண்ணைப் பார்த்துப் படி.

வருஷப் பிறப்பு அன்று உன் வீட்டில் சாப்பிடாமல் படகேறியது என் தப்பு. அத்தானிடம் சொல்லிவிடு. ஆனால் நான் சொன்னது தப்பில்லை. நேரில் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். நீ சத்தம் போட்டதும் வாய் அடைத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

மூன்று நாளும் மணியனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல முகம். ஆள் தெரிகிறது. மரம் இழுக்கும் யானையின் மணிச்சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறான். ஆனால் பத்தாவது மாதம் முடியப்போகிறது, குப்புற விழுவதில்லை. உன் இடுப்பிலிருந்து இறக்கி நான் பாயில் உட்கார வைத்தபோது அரிசி மூட்டை மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தான். கையை ஊன்றக்கூட இல்லை. கால் தரையில் பட்டதும் அனலில் பட்டதுபோல மடக்கிக்கொண்டான். அதற்குள் நீ வந்து பிடுங்கிக்கொண்டாய்.

அவனைக் காலையில் தூளியில் பார்த்தேன். மதியம் உன் இடுப்பில் பார்த்தேன். சாயங்காலம் அத்தான் தோளில் பார்த்தேன். தரையில் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

அடுத்த படகில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. இங்கே குழந்தைகளைப் பார்க்கும் லேடி டாக்டர் இருக்கிறார். நான் லீவு போடுகிறேன்.

பூங்கோதை

---

பாராடாங்
2-5-1968

பூங்கோதைக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தான் வாசித்துக் காட்டட்டுமா என்றார். வேண்டாம், ஐந்தாம் கிளாஸ் படித்தவளுக்கும் எழுத்துத் தெரியும் என்று நானே வாசித்தேன்.

அரிசி மூட்டை என்று எழுதியிருக்கிறாய். நான் பெற்ற பிள்ளையை. மெட்ராஸில் போய் மூன்று வருஷம் பி.ஏ. படித்ததில் பிள்ளை வளர்ப்புக்கும் ஒரு பேப்பர் இருந்ததா? நீ எத்தனை பெற்றாய், எத்தனையை வளர்த்தாய்?

அம்மா போனபோது நீ கைக்குழந்தை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்தவள் நான். உன்னையும்தான் நான் கீழே விட்டதில்லை. நீ என்ன நடக்காமலா காலேஜுக்குப் போனாய்?

தரையில் விடு என்கிறாய். எந்தத் தரையில்? ஷாதிபூரில் அப்பா போட்ட சிமெண்ட் தரை என்று நினைத்தாயா? இது மண்தரை. போன வாரம் அடுப்படியில் கான்கஜூராப் பூரான் ஒன்று, என் முழங்கை நீளம். அத்தான் வெட்டுக்கத்தியால் இரண்டாக நறுக்கினார், இரண்டு பாதியும் தனித்தனியாக ஓடின. ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பூரானைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, உனக்கென்ன.

அத்தானின் தம்பி ஒன்றரை வயதில்தான் நடந்தாராம். இப்போது மரம் வெட்டும் கூப்பில் அவரைப் போல் நடப்பவன் இல்லை.

டாக்டரிடம் காட்ட என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடாமல் போனதற்கு அத்தான் வருத்தப்படவில்லை. நான்தான் வருத்தப்பட்டேன். அன்றைக்குப் பாயசம் வைத்திருந்தேன்.

நீலாவதி

---

எண் 2
ஷாதிபூர்
9-5-1968

அக்கா,

மூட்டை என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. பாயசம் பற்றி எனக்குத் தெரியாது.

நீ வரமாட்டாய் என்று தெரிந்ததும் நானே டாக்டரிடம் போனேன். இரண்டு நாள் வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் உள்ளே போனேன். நர்ஸ் சீட்டு எழுதிக்கொண்டே, "பச்சா கிதர் ஹை?" என்றாள், குழந்தை எங்கே என்று. பாராடாங்கில் என்றேன். "பச்சா பாராடாங் மே, மா இதர்?" என்று இன்னும் உரக்கக் கேட்டாள். நான் அம்மா இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்று ஹிந்தியில் சொல்வதற்குள் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். கம்பவுண்டர் நம் ஊர்க்காரர் போலிருக்கிறது. "ஏம்மா, சைக்கிள வீட்ல வெச்சுட்டு பஞ்சர் ஒட்ட வந்திருக்கியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் போகவில்லை. இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, கட்டாயம் கொண்டு வர வேண்டும் என்றார். அதுவரைக்கும், விழித்திருக்கும் நேரத்தில் அவனைக் குப்புறப் போடச் சொன்னார். கெட்டியான பாயில், நாளைக்கு நாலைந்து தடவை, அவனுக்குப் பிடித்த சாமானைக் கண்ணெதிரே வைத்து. முதலில் இரண்டு நிமிடம் போதும். அழுவான். கூடவே படுத்துப் பேச்சுக் கொடு. தூளியில் தூங்கும்போது மட்டும் போடு. கையைப் பிடித்து இழுத்து நிற்க வைக்காதே.

பூரானுக்குப் பயம் என்றால் கட்டில்மேல் பாய் விரித்து நீ பக்கத்தில் இரு. இரண்டு நிமிடம்தான் அக்கா.

பூங்கோதை

---

பாராடாங்
22-5-1968

பூங்கோதைக்கு,

குப்புறப் போட்டேன். மூக்கைப் பாயில் புதைத்துக்கொண்டு நீலம் பாரிக்க அழுதான். தூக்கிவிட்டேன். மறுநாளும் போட்டேன், மறுபடியும் அழுதான். உன் டாக்டர் வந்து போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. கடைக்கார பன்னீர்செல்வத்தின் பெண்சாதி செல்லம் சொன்னாள்: "என்னக்கா நீங்க, எங்க ஊர்ல புள்ள நிக்கலன்னா கடக்கரையில குழி தோண்டி எறக்கி விட்ருவோம். ஈர மண்ணு காலுக்குப் பலம்." மழைக்கு முன்னால் வெயில் அடித்த நாலு நாளும் கொண்டுபோனோம். இடுப்பு வரைக்கும் குழி, சுற்றிலும் மண்ணை அணைத்துவிட்டோம். நின்றான்டி! கால் மணி நேரம், போலீஸ்காரன் மாதிரி நின்றான். கடலைப் பார்த்துச் சிரித்தான். செல்லம் கை தட்டினாள். அத்தானை ஆள் அனுப்பி வரவழைத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் டாக்டர் புத்தகத்தில் நிற்பதற்கு எத்தனையாவது மாதம் போட்டிருக்கிறது? எழுது.

மணலில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பொடிப்பூச்சி கடித்து இரண்டு காலும் தடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன்.

நீலாவதி

---

எண் 3
ஷாதிபூர்
31-5-1968

அக்கா,

அவனைக் குழியிலிருந்து எடு.

அவன் நிற்கவில்லை. மண் நின்றது. என்னை இடுப்பு வரை புதைத்தால் நான் தூங்கிக்கொண்டேகூட நிற்பேன். உட்காரத் தெரியாத குழந்தையைக் குழியில் நிற்க வைத்து, பூச்சிக்கடி வாங்கிக் கொடுத்து, கை தட்டியிருக்கிறீர்கள். அத்தான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறாய்? அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டில்மேல் இரண்டு நிமிடம் போடச் சொன்னால் முடியவில்லை. கடற்கரைக்கு நாலு நாள் நடக்க முடிகிறது. அவன் அழுதால் உனக்குத் தாங்காது, அதுதான் விஷயம், பூரான் இல்லை.

இந்த மாதத்தோடு பதினோரு மாதம். பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டு மாதத்தில் எங்கள் வாசல் வரை தவழ்ந்து வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மணியனை நினைத்துப் பயமாக இருக்கிறது. உனக்கு ஏன் பயமில்லை? நீ அவனை மறைக்கிறாய். யாரும் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று இடுப்பிலேயே வைத்து மறைக்கிறாய். நாளைக்கு அவனுக்குக் கால் வராமல் போனால் அதற்கு நீதான் காரணம். வேறு யாரும் இல்லை.

இதை அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

பூங்கோதை

---

பாராடாங்
14-6-1968

பூங்கோதைக்கு,

பதினோரு மாதம் என்று எழுதியிருக்கிறாய். உன் கணக்கு தப்பு. உனக்கு யாரும் சொல்லாததால் தப்பு.

அவனுக்கு முன்னால் இரண்டு கலைந்து போனது உனக்குத் தெரியும். அதனால் மணியனை உண்டானபோது யாருக்கும் மாதம் சொல்லவில்லை. கடிதத்தில் எழுதினால் கண் பட்டுவிடும் என்று உனக்கும் எழுதவில்லை. வளைகாப்புகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தானுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஆவணி பிறந்துதான் எனக்குப் பிரசவ நாள்.

போன வருஷம் ஜூனில் நீ பாஸ் செய்துவிட்டுக் கப்பலில் வருகிறாய் என்று அப்பா தந்தி கொடுத்தார். அத்தான் போக வேண்டாம் என்றார். சண்டை போட்டுக்கொண்டு மரம் ஏற்றும் படகில் வந்தேன். நம் வீட்டில் முதல் பி.ஏ. ஏணியில் இறங்குகிறாள், நான் ஜெட்டியில் இல்லாமல் எப்படி? நீ இறங்கினாய். மாலை போட்டேன். வயிற்றைப் பார்த்து, "எப்பக்கா?" என்றாய். சீக்கிரம் என்றேன். நீ நிறைமாதம் என்று எடுத்துக்கொண்டாய். நான் விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது அலை. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. அதற்கு எட்டாம் நாள் அவன் பிறந்துவிட்டான். ஏழு வாரம் முன்னால். ஒரு கையில் அடங்கினான். மருத்துவச்சி அவனைத் துடைக்காமலே துணியில் சுற்றி வைத்துவிட்டு என்னைப் பார்க்க வந்தாள், அவன் இருக்க மாட்டான் என்று. நான் இலவம்பஞ்சில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். உட்கார்ந்துகொண்டே தூங்கினேன். நாற்பது நாள் கீழே வைக்கவில்லை. அதற்குப் பிறகு கீழே வைக்க எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து நீ வந்து, "சின்னதா இருக்கானே" என்றாய். அத்தான் வீட்டு வாகு என்றேன்.

நான்தான் காரணம். நீ எழுதியது சரி.

நீலாவதி

---

எண் 4
ஷாதிபூர்
21-6-1968

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஜெட்டிப் பக்கம் போய் நின்றேன். பிறகு அங்கேயும் நிற்க முடியவில்லை.

என்னைப் பார்க்க வந்ததால்தான் என்று எனக்குத் தெரியக் கூடாது என்று ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாய். நல்ல காரியம். ஆனால் நான் தப்புக் கணக்கை வைத்துக்கொண்டு கடிதத்துக்குக் கடிதம் உன்னைக் குத்திக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன செய்வது? முதல் கடிதத்துக்கே பதிலாக நீ ஒரு வரி எழுதியிருந்தால்! மூக்குமேல் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நேற்று டாக்டரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை கம்பவுண்டர், "சைக்கிள் இன்னும் வரலியா?" என்றார். வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாதாம். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டுமாம். அப்படியென்றால் மணியனுக்கு ஒரு வயது ஆகப்போவதாக நான் நினைத்தது பத்து மாதம்தான். நான் உன்னைத் திட்டியதில் பாதி இதில் கழிந்துவிட்டது.

மீதிப் பாதி இருக்கிறது. பத்து மாதம் என்றாலும் உட்கார வேண்டும் என்கிறார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார். ஒரு கையில் அடங்கியதை நெஞ்சோடு கட்டிப் பிழைக்க வைத்தவளிடம் நான் என்ன சொல்ல, அவள் செய்ததுதான் மருந்து, இப்போது மருந்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள் என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

கடல் கொஞ்சம் அடங்கியதும் வா. அத்தானும் வரட்டும். மூன்றாம் எண் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு வா, கிழித்துவிடுகிறேன்.

பூங்கோதை

---

பாராடாங்
19-8-1968

பூங்கோதைக்கு,

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. படகில் அவன் அழவில்லை, நான்தான் வாந்தி எடுத்தேன்.

டாக்டர் அவன் காலை மடக்கி நீட்டி, தொடையைத் தட்டி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை. நீ என் கையைப் பிடித்து வைத்திருக்காவிட்டால் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். "நடப்பானா?" என்று நான் கேட்டதற்கு, "நடப்பான் என்றே நினைக்கிறேன், எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள்" என்றாரே, வழியெல்லாம் அதையே அத்தானிடம் சொல்லிச் சொல்லி, "நினைக்கிறேன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டு அவர் காதைப் புண்ணாக்கிவிட்டேன்.

கழித்துப் போட்ட படாக் மரப் பலகைகளை ரேஞ்சரிடம் கேட்டு வாங்கி அத்தான் ஒரு மேடை அடித்திருக்கிறார். எட்டடிக்கு ஆறடி, முழங்கால் உயரம், சுற்றிலும் ஒரு சாண் விளிம்பு. நாலு காலும் மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாவுக்குள் நிற்கிறது, சாப்பாட்டு அலமாரிக்கு வைப்போமே, அதேபோல. கான்கஜூரா ஏறட்டும் பார்க்கலாம். வீட்டில் பாதி இடம் போய்விட்டது. நாங்கள் அதற்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நடக்கிறோம். செல்லம் வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, வள்ளி திருமணம் நாடகம் போடப் போறீங்களா? திரைச்சீலை நான் தர்றேன்" என்றாள். பேசாமல் போடி என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. குழியைத் தோண்டியது அவள் என்றாலும் இறக்கியது நான்தான்.

சாக்கை உருட்டித் தைத்து இலவம்பஞ்சு அடைத்து உருளை செய்தேன். டாக்டர் காட்டியபடி அதன்மேல் அவனைக் குப்புறப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் கையை ஊன்றுகிறான். காலை சைக்கிள் மிதிப்பதுபோல மடக்கி நீட்டுவது பத்து, வலப்பக்கம் புரட்டுவது ஐந்து, இடப்பக்கம் ஐந்து. அழுகிறான். நானும் அழுகிறேன். அத்தான் கூப்புக்குக் கிளம்பிவிடுகிறார், எங்கள் இரண்டு பேர் சத்தமும் தாங்காமல்.

இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது.

நீலாவதி

---

எண் 5
ஷாதிபூர்
2-9-1968

அக்கா,

இடப்பக்கம் ஐந்து இல்லை, எட்டு. அந்தப் பக்கம்தான் அவனுக்குச் சோம்பல் என்று டாக்டர் சொன்னாரே. உன் முன்னால்தான் சொன்னார்.

தகர டப்பாவில் மண்ணெண்ணெய் வேண்டாம், பக்கத்தில் அடுப்பு இருக்கிறது. தண்ணீரில் கொஞ்சம் ஃபினைல் ஊற்று.

உருளையில் போட்டபின் சாமானை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதே. எட்டாத இடத்தில், ஒரு சாண் தள்ளி வை. நீ எடுத்துக் கொடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். கொடுக்காதே. கொடுக்காதே என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

மூன்றாம் எண்ணைக் கொண்டு வரவே இல்லை நீ. கேட்டால் எங்கே வைத்தேன் தெரியவில்லை என்றாய். எங்கே இருக்கிறது?

உட்காருகிறானா? ஒரு வரியாவது எழுது. கடிதம் வராவிட்டால் படகுக்காரரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அவர், "மெட்ராஸ்ல இருந்தாம்மா லெட்டர்?" என்று, அங்கே எனக்கு யாரோ இருப்பதுபோலச் சிரிக்கிறார்.

பூங்கோதை

---

பாராடாங்
27-10-1968

பூங்கோதைக்கு,

உன் கோடுகளைப் பார்த்தேன். பென்சில் உடைகிறமாதிரி போட்டிருக்கிறாய்.

புரட்டாசி கடைசியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு, தவளை மாதிரி. உனக்கு உடனே எழுதவில்லை. மறுநாள் உட்காராவிட்டால் என்ன செய்வது என்று பத்து நாள் பார்த்தேன். உட்காருகிறான். இப்போது ஒரு கையை எடுக்கிறான்.

நகருவதற்குத்தான் முரண்டு. யானைக்காரர் கொடுத்த மரமணியை வைத்தேன், பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கரண்டி வைத்தேன். பிஸ்கட் வைத்தேன், அது கிடைக்காதென்று தெரிந்ததும் விரலைச் சப்பினான். யாருடைய பிடிவாதம் என்று அத்தான் கேட்கிறார். உன்னுடையது என்றேன்.

நேற்று காலை உன் கடிதங்களை எடுத்து மேடை ஓரத்தில் வைத்துக்கொண்டு, இடப்பக்கம் எத்தனை என்று மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தும் இருந்தன. மூன்றாவதும்தான். தொலைக்கவில்லை. உன்னிடம் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். அடுப்பில் சோறு பொங்கியது, எழுந்து போனேன். திரும்பிப் பார்த்தால் அவன் வயிற்றால் இழைந்து வருகிறான். ஒரு முழங்கையைப் போட்டு, உடம்பை இழுத்து, மறு முழங்கையைப் போட்டு. காகிதம் காற்றில் சலசலத்ததுதான் அவனுக்கு வேண்டியிருக்கிறது. எனக்குச் சோறும் தெரியவில்லை, அடுப்பும் தெரியவில்லை. எடுத்துக் கொடுக்க இரண்டு தடவை கை போனது. உன் இரண்டு கோடு ஞாபகம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பாதி வழியில் முகம் குப்புற விழுந்து அழுதான். என்னைப் பார்த்து அழுதான். நான் போகவில்லை. சோறு தீய்கிற வாசனை வந்தது, அதற்கும் போகவில்லை. பிறகு தலையைத் தூக்கி மறுபடி வந்தான். எட்டிப் பிடித்து வாயில் திணித்துக்கொண்டான்.

பிடுங்குவதற்குள் பாதி போய்விட்டது. எந்த எண் என்று பார்த்தேன். மூன்று.

மற்ற நாலும் பத்திரமாக இருக்கின்றன. இதைத் திரும்ப எழுதி அனுப்ப வேண்டாம்.

அடுத்த படகில் வா. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நீலாவதி